சேர்ந்து வாங்கிய ஃபிரிட்ஜ் யாருக்கு?

ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்து வாழும் இளைஞர்கள், பிரியும் நாளில் ஏன் சண்டையோடு பிரிகிறார்கள்? கட்டிலும் வாஷிங் மெஷினும் நட்பைத் தின்னாமல் இருக்க என்ன செய்யலாம்?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், நாவலூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் குட்டி யானை வண்டிகள் வந்து நிற்கும். வேலை மாறியவர், கல்யாணம் நிச்சயமானவர், பெங்களூருக்கு மாற்றல் கிடைத்தவர், ஆன்சைட் கிளம்புகிறவர் என்று யாராவது ஒருவர் அறையைக் காலி செய்துகொண்டிருப்பார். துணிப் பெட்டி, லேப்டாப் பை, சுருட்டிக் கட்டிய மெத்தை எல்லாம் சிக்கலில்லாமல் இறங்கிவிடும். அதன் பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

"மச்சி, வாஷிங் மெஷினை நான் எடுத்துக்கட்டுமா?"

"அது எப்படிடா? எல்லாரும் சேர்ந்துதானே வாங்கினோம்."

"பில் என் பேர்லதானே இருக்கு?"

வண்டிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்கத் தொடங்கும் நேரத்தில், இரண்டு வருடம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருப்பார்கள். அன்று மாலையே ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறுவார்.

'ஒரு பழைய மெஷினுக்கா இவ்வளவு?' என்று கேட்பது எளிது. ஆனால் இவர்களில் பெரும்பாலோருக்கு வயது இருபத்தைந்துக்குள். கையில் இருப்பது முதல் சம்பளம். வீட்டுக்கு அனுப்பியது, கல்விக்கடன் தவணை, வாடகை எல்லாம் போக மிஞ்சியதில் எட்டாயிரம் ரூபாயை ஒரு பொருளில் போட்டிருக்கிறார்கள். ரத்த சம்பந்தம் இல்லாதவர்களோடு சேர்ந்து அவர்கள் வாங்கிய முதல் சொத்தும் அதுதான். ஊரில் பங்குப் பிரச்சினை வந்தால் பெரியப்பாவோ தாய்மாமனோ வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். மூன்றாவது மாடியில் நாலு பேர் தங்கியிருக்கும் பேச்சிலர் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. சொத்து, பங்கு, நியாயம் ஆகியவற்றை இந்தத் தலைமுறை முதன்முதலில் தானாகப் பழகும் இடம் இந்த வாடகை வீடுதான். அங்கே கற்கும் பாடம் கசப்பாக இருந்தால் அந்தக் கசப்பு நெடுநாள் தங்கும்.

மேன்ஷனில் இல்லாத வழக்கு

சென்னைக்குப் பிழைக்க வந்த முந்தைய தலைமுறையினர் பலர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கினார்கள். கட்டில், மின்விசிறி, சுவர் அலமாரி எல்லாமே மேன்ஷன் உரிமையாளருடையவை. சாப்பாடு மெஸ்ஸில். தங்கியவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பெட்டி, ஒரு பக்கெட், ஒரு பாய், அதிகம் போனால் ஒரு டிரான்சிஸ்டர். கூட்டாக வாங்கப் பொருள் எதுவும் இல்லாததால் பங்குச் சண்டைக்கும் இடமில்லை. அங்கே சண்டை வந்தால் அது தண்ணீருக்காகவோ, விளக்கை எப்போது அணைப்பது என்பதற்காகவோ வந்திருக்கும்.

தரமணியில் டைடல் பார்க் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. அவற்றைத் தேடி வந்தவர்களுக்கு அந்தச் சாலையில் கிடைத்தவை இரண்டு, மூன்று படுக்கையறை கொண்ட புதிய அடுக்குமாடி வீடுகள். பெரும்பாலும் வெறும் சுவரும் தரையும். மின்விசிறி இருந்தால் அதிர்ஷ்டம். தனியாக வாடகை கட்ட முடியாது, எனவே நாலு பேர் சேர வேண்டும். வெறும் தரையில் வாழ முடியாது, எனவே சேர்ந்து வாங்க வேண்டும். வீட்டை நிரப்பும் பொறுப்பு உரிமையாளரிடமிருந்து குடியிருப்பவரின் தலைக்கு மாறிய அந்த இடத்தில்தான் இந்தத் தகராறின் வேர் இருக்கிறது.

ஹவுஸ் ஓனரோடு உள்ள உறவுக்குக் காகிதம் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பதெல்லாம் பத்தி பத்தியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் உள்ளே வாழும் நாலு பேருக்குள் ஒரு வரிகூடக் கிடையாது.

'செலவுக் கணக்குதான் ஸ்ப்ளிட்வைஸ் செயலியில் இருக்கிறதே' என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து வாங்கினால், ஃபிரிட்ஜ் 24,000, ஆளுக்கு 8,000 என்று அது காட்டும். எல்லோரும் பணத்தைப் போட்டவுடன் கணக்கு நேராகி 'செட்டில்டு' என்று சொல்லிவிடும். சிக்கலே அங்கேதான். சினிமா டிக்கெட்டும் ஃபிரிட்ஜும் அந்தக் கணக்கில் ஒன்றுபோலத் தெரிகின்றன. டிக்கெட் அன்றோடு முடிந்துபோகும். ஃபிரிட்ஜ் நாலு வருடம் சமையலறையில் நிற்கும். நாம் செலவைப் பங்கு போடுகிறோம். அந்தச் செலவில் வந்த பொருள் யாருடையது, யாராவது போனால் என்ன ஆகும் என்பதைப் பேசுவதே இல்லை.

எங்கெங்கே முடிச்சு விழுகிறது?

முதல் முடிச்சு, பில். கடையில் ஒருவர் பெயரில்தான் பில் போடுவார்கள். தவணையில் வாங்கினால் ஒருவரின் கார்டில்தான் பிடித்தம் ஆகும். மற்றவர்கள் மாதாமாதம் ஜிபேயில் அனுப்புவார்கள். இரண்டு வருடம் கழித்து, பில் வைத்திருப்பவர் 'கடன் என் தலையில் இருந்தது, வாரன்டி என் பெயரில் இருக்கிறது, ஆகவே பொருள் என்னுடையது' என்று நினைக்கத் தொடங்குகிறார். பணம் அனுப்பியவர்களோ 'நாங்கள் போட்ட பணம் வாடகையா என்ன?' என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, ஊரிலிருந்து வந்த சாமான். ஒருவரின் அப்பா தேக்குக் கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றி அனுப்பிவைக்கிறார். ஹாலில் இடம் இருந்ததால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பீரோவின் கதவு ஒருநாள் கழன்றுவிழுகிறது. சரிசெய்த செலவை மூன்று பேர் ஏற்கிறார்கள். செலவைப் பகிர்ந்ததாலேயே பீரோவும் பொதுவாகிவிட்டதா?

மூன்றாவது, ஆள் மாற்றம். பேச்சிலர் வீட்டில் நாலு பேரும் ஒரே நாளில் காலி செய்வதில்லை. ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். போகிறவருக்கு அட்வான்ஸ் பங்கோடு 'சாமான் காசு' என்று ஒரு தொகையையும் புதியவர் கொடுப்பார். அந்தத் தொகையில் எது எவ்வளவு என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. நாலு வருடத்தில் முதலில் வாங்கிய நாலு பேருமே போயிருப்பார்கள். சோஃபாவும் மேசையும் மட்டும் அங்கேயே இருக்கும். கடைசியாக வீட்டைப் பூட்டும்போது அவை யாருடையவை என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்.

நான்காவது, விட்டுப்போன பொருள். "கட்டில் இங்கேயே இருக்கட்டும்டா, அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்." இந்த அடுத்த மாதம் ஆறு மாதமாகும். அறைக்குப் புதிதாக வருபவருக்கு இடம் வேண்டும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது இது ஊர் முழுக்க நடந்தது. சில வாரங்களில் திரும்பலாம் என்று ஊருக்குப் போனவர்களின் கட்டிலும் மெத்தையும் பூட்டிய அறைகளில் கிடந்தன. வாடகை நின்றது, ஓனர் சாவியைக் கேட்டார், அங்கேயே இருந்தவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஐந்தாவதுதான் மிகவும் வலிப்பது: கேட்காமல் விற்பது. மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கும்போது ஒருவர் ஃபிரிட்ஜை ஓஎல்எக்ஸில் போட்டு விற்றுவிடுகிறார். திரும்பி வந்தவர்களுக்குச் சமையலறை மூலையில் நாலு கால் தடம்தான் மிச்சம்.

சட்டத்தில் ஒரு குதிரை

இந்தச் சண்டைகளுக்கு 'சட்டத்தில் வழியில்லை, இதெல்லாம் வாய்ப்பேச்சு' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மூன்று பேர் ஆளுக்கு எட்டாயிரம் போட்டு ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று பேசி வாங்கினால், வேறு உடன்பாடு இல்லாதவரை அது மூவரின் கூட்டுடைமை. பில் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு வலுவான சான்று. ஆனால் அதுவே முடிந்த முடிவல்ல. ஜிபே பரிமாற்றமும் 'ஃபிரிட்ஜ் காசு அனுப்பிட்டேன்' என்ற வாட்ஸ்அப் செய்தியும் சான்றுகள்தாம். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்கும் வழியை 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் சொல்கிறது.

கூட்டுடைமையில் ஒருவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு நமது தண்டனைச் சட்டத்திலேயே ஒரு விளக்கக் கதை இருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது. இருவருக்குச் சொந்தமாக ஒரு குதிரை இருக்கிறது. ஒருவர் அதைப் பயன்படுத்த ஓட்டிப்போனால் குற்றமில்லை, ஏனென்றால் அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் குதிரையை விற்று முழுப் பணத்தையும் தனக்கே வைத்துக்கொண்டால் அது குற்றம். நேர்மையற்ற முறையில் பொருளைக் கையாடியதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. குதிரை இருந்த இடத்தில் ஃபிரிட்ஜை வைத்துப் பாருங்கள். பேச்சிலர் வீட்டு வழக்குக்கே எழுதியதுபோல் இருக்கும்.

இதற்காக ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும் என்று பொருளில்லை. இது நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூடிய வகைக் குற்றமும் அல்ல. 'சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்குங்க' என்றுதான் பெரும்பாலும் சொல்லியனுப்புவார்கள். ஆனால் கூட்டுப் பொருளைத் தனியாக விற்றுப் பணத்தை வைத்துக்கொள்வதை நண்பர்களுக்குள் நடந்த சின்ன விஷயமாகச் சட்டம் கருதவில்லை என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விற்ற பொருள் திரும்ப வருமா? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவரிடம் மற்றவர்களின் சம்மதத்தோடு பொருள் தனியாக இருந்து, அவர் விற்க, வாங்கியவர் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பொருள் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். மற்ற இருவரும் விற்றவரிடம் பணத்தைத்தான் கேட்க முடியும். 'நீ எடுத்துட்டுப் போய் வெச்சிரு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று பொருளை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்த பீரோவின் கேள்விக்கும் பதில் உண்டு. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்க வேண்டுமானால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, பதிவு செய்த பத்திரம் வேண்டும் அல்லது தானம் என்ற எண்ணத்தோடு பொருளை ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்த அனுமதித்தது தானம் ஆகாது. கதவைச் சரிசெய்யப் பணம் கொடுத்தவர்கள் பீரோவுக்குப் பங்குதாரர் ஆகமாட்டார்கள்.

விட்டுப்போன கட்டிலுக்கும் முன்பு சொன்ன ஒப்பந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர், சராசரி விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். அதற்குமேல் அவருக்குப் பொறுப்பில்லை. கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டவருக்கு அதனால் ஆன தேவையான செலவைப் பொருளின் சொந்தக்காரர் திருப்பித் தர வேண்டும். கட்டிலை வேறிடத்துக்கு மாற்ற வேன் வாடகை கொடுத்தவர் அந்தத் தொகையைக் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெள்ளம் வந்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளின் தரைத்தள வீடுகள் மூழ்கின. கூட்டுப் பொருள் அழிந்தால் நட்டமும் கூட்டு நட்டம்தான். ஏற்கெனவே காலி செய்து போன, ஆனால் பங்குப் பணம் வாங்காத நண்பரின் பங்கும் தண்ணீரோடு போய்விடும். 'பங்கை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், பணம் பிறகு தருகிறோம்' என்று முன்பே பேசி முடித்திருந்தால்தான் அவருக்குப் பணம் பாக்கி.

சமையல் எரிவாயு சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அது அறையில் யாருக்குமே சொந்தமில்லை. உருளை எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டுவது வைப்புத்தொகை மட்டுமே. 14.2 கிலோ உருளைக்கு அந்தத் தொகை 2022 ஜூனில் 2,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது திரும்பக் கிடைக்கும். நாலு பேர் பணம் போட்டிருந்தால் இணைப்பு வைத்திருப்பவர் மற்றவர்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

மனம் போடும் கணக்கு

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சண்டை ஏன் வருகிறது? இருவரில் ஒருவர் கெட்டவர் என்பதால் பெரும்பாலும் வருவதில்லை. நல்லவர்கள் இருவர் ஒரே பொருளுக்கு உண்மையாகவே இரண்டு மதிப்புப் போடுகிறார்கள்.

1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கத் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கையில் வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கே இந்த நிலை என்றால், இரண்டு வருடம் தன் அறையில் இருந்த வாஷிங் மெஷினுக்கு மனம் என்ன விலை போடும்? போகிறவர் தன் பங்கை உயர்த்திச் சொல்கிறார்; இருப்பவர் பழைய இரும்பு விலை சொல்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை.

இன்னொரு ஆய்வு 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி செய்தது. கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளின் பதில்களைக் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது ஒவ்வொருவருக்கும் நன்றாக நினைவில் இருக்கிறது. மற்றவர் செய்தது மங்கிவிடுகிறது. 'மெக்கானிக்கை மூணு தடவை கூப்பிட்டது நான்தான்' என்பதும் 'ஃபிரிட்ஜை யார் துடைச்சா?' என்பதும் இந்த நினைவிலிருந்துதான் வருகின்றன. ஆகவே பிரியும் நாளின் நினைவை நம்பி நியாயம் பேச முடியாது. வாங்கும் நாளில் எழுதிய எழுத்துதான் நடுநிலையான சாட்சி.

விலையை எப்படி முடிவுசெய்வது?

நேர்கோட்டுத் தேய்மானம்தான் எளிய வழி. பொருளுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். 24,000 ரூபாய் ஃபிரிட்ஜ் என்றால் ஐந்து வருடத்துக்கு 60 மாதம், மாதத்துக்கு 400 ரூபாய் தேய்மானம். இரண்டு வருடத்தில் 9,600 தேய்ந்து, மீதி மதிப்பு 14,400. மூன்று பங்காளிகளில் ஒருவர் போனால் அவருக்கு 4,800 கிடைக்கும். அவர் போட்டது 8,000. அதில் 3,200 ரூபாய்க்கு இரண்டு வருடம் குளிர்ந்த தண்ணீரும் கெடாத மாவும் அனுபவித்துவிட்டார். 'போட்டது அப்படியே வேணும்' என்பதும் நியாயமில்லை; 'பழசுதானே, ஒண்ணும் கிடையாது' என்பதும் நியாயமில்லை என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

மரச்சாமானுக்கும் எந்திரத்துக்கும் ஒரே வேகத்தில் தேய்மானம் போடத் தேவையில்லை. வருமான வரி விதிகளில் தொழில் நிறுவனங்களின் மரச்சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதமும், பொதுவான எந்திரங்களுக்கு 15 சதவீதமும் தேய்மானம் வைத்திருக்கிறார்கள். அது வீட்டுக்கான விதி அல்ல என்றாலும், கட்டில் மெதுவாகத் தேயும், மெஷின் வேகமாகத் தேயும் என்ற ஒப்பீட்டுக்கு உதவும். மெத்தை, தலையணை, சமையல் பாத்திரம் போன்றவற்றுக்கு விலை பேசவே வேண்டாம். யார் தூங்கினாரோ அவருக்கு மெத்தை, அவ்வளவுதான்.

சீட்டும் ஏலமும்

தேய்மானம் விலையைச் சொல்லும். பொருள் யாருக்கு என்று சொல்லாது. இருவருக்குமே வேண்டும் என்றால்? நம் ஊரில் இதற்குப் பழகிய வழிகள் இருக்கின்றன. பாகப்பிரிவினையில் ஒருவர் பங்கு வைக்க மற்றவர் எடுப்பார். பங்கு வைப்பவர் தனக்கு எது வந்தாலும் சரி என்று சமமாக வைப்பார். அதிலும் தீராவிட்டால் திருவுளச்சீட்டு போடுவார்கள். பல பொருள்கள் இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும்: ஃபிரிட்ஜும் ஸ்டவ்வும் ஒரு பங்கு, வாஷிங் மெஷினும் மேசையும் மற்றொரு பங்கு.

ஒரே ஒரு பொருள், மூன்று பேர் என்றால் போலந்துக் கணித அறிஞர் புரொனிஸ்வாஃப் நாஸ்டர் சொன்ன ஒரு முறை இருக்கிறது. அவருடைய நாட்டவரான ஹூகோ ஸ்டைன்ஹாஸ் நியாயமான பங்கீடு பற்றி 1940-களில் எழுதியவற்றின் வழியாக அது உலகுக்குத் தெரியவந்தது. ஆளுக்கொரு தாளில், அந்தப் பொருள் தனக்கு எவ்வளவு மதிப்பு என்று மற்றவருக்குத் தெரியாமல் எழுத வேண்டும். ஒருவர் 9,000, இன்னொருவர் 6,000, மூன்றாமவர் 3,000 என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். அதிகம் எழுதியவருக்குப் பொருள். அவரவர் மதிப்பின்படி அவரவர் பங்கு முறையே 3,000, 2,000, 1,000. பொருள் எடுத்தவர் தன் பங்குக்கு மேல் உள்ள 6,000 ரூபாயை நடுவில் வைக்கிறார். அதிலிருந்து மற்ற இருவரும் தங்கள் பங்கான 2,000, 1,000 ரூபாயை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 3,000. அதை மூவரும் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முடிவில் பொருள் எடுத்தவர் 5,000 கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்கு 3,000, 2,000 கிடைத்திருக்கிறது. தனக்கு நியாயம் என்று தானே எழுதியதைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாக மூவருமே பெற்றிருக்கிறார்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் தொகை வேறாக இருப்பதும் அவர்கள் எழுதிய மதிப்பால்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பத்து நிமிடத்தில் முடியும் இந்த வேலைக்கு மூன்று துண்டுக் காகிதம் போதும்.

எதுவும் சரிப்படாவிட்டால், பொருளை விற்றுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்குப் போனாலும் பிரிக்க முடியாத பொருளுக்குக் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். தொகை பெரிதாக இருந்து, எதிர்த்தரப்பு பேசவே மறுத்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றம் மூலம் சமரசம் பேச 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வரும் முடிவுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. வேலைக்காகத் தனியாக வந்து தங்கியிருக்கும் பல பெண்களுக்கு இது தெரிவதில்லை. 'வீட்டுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வரச் சொல்லிடுவாங்க' என்ற பயத்திலேயே தன் பங்கை விட்டுவிட்டு நகர்கிற பெண்கள், அந்த ஆணைக்குழுவின் வாசல் தங்களுக்காகவும் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வழக்குப் போடத்தான் வேண்டும் என்றால் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு.

வாங்கும் நாளில் எழுத வேண்டிய எட்டு வரிகள்

முத்திரைத்தாளோ வக்கீலோ தேவையில்லை. ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து குரூப்பில் போட்டால் போதும்.

1. பொருள், மாடல், விலை, வாங்கிய தேதி, பில்லின் படம்.

2. யார் எவ்வளவு போட்டார்கள். தவணை என்றால் யார் கார்டு, மற்றவர்கள் எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

3. தேய்மானத்துக்கு எத்தனை வருட ஆயுள்.

4. ஒருவர் காலி செய்தால் அவர் பங்கை இருப்பவர்கள் வாங்குவார்களா, புதியவர் வாங்குவாரா. எத்தனை நாளில் பணம்.

5. புதியவர் தரும் சாமான் காசில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு.

6. பழுது பார்க்கும் செலவு யாருக்கு. ஒருவரின் கவனக்குறைவால் உடைந்தால் என்ன.

7. எல்லோரும் ஒரே நேரத்தில் காலி செய்தால் விற்பதா, ஏலமா, சீட்டா.

8. விட்டுப்போகும் பொருளை எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் என்ன செய்யலாம்.

இதோடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தனிப் பொருள்களுக்கு ஒரு பட்டியல். நம் அம்மாக்கள் இதை எப்போதோ செய்துவைத்திருக்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவார்கள். கல்யாண வீட்டுக்கும் கோயில் பொங்கலுக்கும் ஊரெல்லாம் போய்க் கலந்தாலும் குண்டானும் கரண்டியும் சரியான வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். பெயர் வெட்டியதால் அக்கம்பக்கத்தில் யாரும் மனம் வருந்தியதில்லை. பெயர் இருந்ததால்தான் தயங்காமல் இரவல் கொடுத்தார்கள்.

முடிந்தவரை கூட்டாக வாங்காதீர்கள்

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளையும் நாலாகப் பிரிப்பதற்குப் பதில், ஒவ்வொருவரும் ஒரு பொருளை முழுதாக வாங்குவது. ஒருவர் ஃபிரிட்ஜ், ஒருவர் வாஷிங் மெஷின், ஒருவர் சோஃபா, ஒருவர் ஸ்டவ்வும் மிக்ஸியும். விலை வித்தியாசத்தை மாத வாடகையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். போகிறவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போவார் அல்லது இருப்பவருக்கு விற்றுவிட்டுப் போவார். ஒரு வருடம்கூடத் தங்குவோமா என்று தெரியாதவர்கள் வாடகைக்குச் சாமான் எடுத்தாலும் தவறில்லை. மாதத்துக்கு மாதம் செலவு முடிந்துவிடும், உடைமை என்ற கேள்வியே எழாது.

ஆனாலும் சில பொருள்களைக் கூட்டாகத்தான் வாங்க முடியும். இருபத்து மூன்று வயதில் நாற்பதாயிரம் ரூபாய் ஏசியைத் தனியாக வாங்க எத்தனை பேரால் முடியும்? மே மாதச் சென்னையில் ஏசி ஆடம்பரம் என்று சொல்லவும் முடியாது. அங்கேதான் எழுத்து வேண்டும்.

எழுதச் சொன்னால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். 'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள போய் எழுதி வாங்குறதா? நம்பிக்கை இல்லையான்னு நினைப்பாங்க' என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை இளைஞர்கள் உடைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. நண்பனை நம்பாதவர் அவனோடு சேர்ந்து பொருள் வாங்கவே போவதில்லை. மறதியையும், மனம் போடும் இரட்டை விலையையும், எதிர்பாராமல் வரும் மாற்றல் உத்தரவையும்தான் நம்ப முடியாது. அவற்றிலிருந்து நண்பனைக் காக்கத்தான் அந்த எட்டு வரிகள்.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. பிள்ளை முதன்முதலில் நகரத்துக்குக் கிளம்பும்போது பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறோம். 'சேர்ந்து எதை வாங்கினாலும் போகும்போது யாருக்கு என்று அன்றைக்கே பேசிக்கொள்' என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம். அலுவலகத்தில், தொழிலில், நாளை கல்யாணம் செய்து கட்டும் குடும்பத்தில் அவர்கள் இன்னும் பெரிய பொருள்களைப் பிறரோடு சேர்ந்து வாங்கப் போகிறார்கள். பங்கை வெளிப்படையாகப் பேசும் பழக்கம் வாடகை வீட்டு ஃபிரிட்ஜிலேயே தொடங்கிவிட்டால், வீடும் நிலமும் வாங்கும் காலத்தில் அது அவர்களைக் காப்பாற்றும். இந்த மாதம் புதிதாக வீடு எடுக்கும் நாலு பேர், சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். அன்று பேசாமல் விட்டதைத்தான் பின்னாளில் வண்டிக்காரர் முன்னால் நின்று பேச வேண்டியிருக்கிறது.